கணக்கில் வராத நாலு கிலோமீற்றர்

சனி. விடியப்புறம் நாலே கால்.
லிஃப்ட்டுக்குள் சைக்கிளைப் பின்சில்லில் நிமிர்த்தி
அணைத்தபடி இறங்குகிறேன் ஆறு மாடி.
காவலுக்கு இருக்கும் குணசிறி
கண் திறக்காமலே கேற்றைத் திறக்கிறார்.
வெள்ளவத்தையில் இந்த நேரம்
நானும் இரண்டு நாய்களும்,
வாசலுக்குச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்
ஒரு சாப்பாட்டுக் கடையும்.

காலிமுகத்திடலில் பதினொரு சிவப்பு விளக்குகள்.
எண்ணிப் பார்க்கிறான் ஹிமேஷ்:
"பன்னிரண்டு. போவம்."
களனிப் பாலம் தாண்டினால் நீர்கொழும்பு வரை
யாருக்கும் முகமில்லை.
முன்னால் போகிறவரின் முதுகு,
அவர் பின்சில்லுக்கும் என் முன்சில்லுக்கும் நடுவே
ஒரு முழம் காற்று.
இரண்டு வருசமாக இவர்களை
நான் கெண்டைக்காலில்தான் அறிவேன்:
பிறை மாதிரித் தழும்பு என்றால் அஸ்மி,
சொக்ஸில் ஓட்டை என்றால் சவரிமுத்து,
நரம்பு முடிச்சு விழுந்தது பல் டொக்டர் சமிலா.

முதல் கிழமை ஹிமேஷ் முன்னாலிருந்து கத்தினான்: "வள!"
குழி என்று சொல்லியிருக்கிறான், சிங்களத்தில்.
எனக்குக் கேட்டது தமிழ்.
சொன்னபடி வளைத்தேன்.
கானுக்குள் கிடந்தேன்.
முழங்கையில் இன்னும் இருக்கிறது
அந்த மொழிபெயர்ப்பு.
இப்போது குழி வந்தால்
விரலை நீட்டுகிறோம், எல்லாரும், பேசாமல்.

திரும்பும் வழியில் ஆடிக் காற்று
வத்தளையில் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது.
ஒரு முழம் இரண்டானது.
இரண்டு, ஒரு பஸ் நுழையும் அளவானது,
பஸ்ஸும் நுழைந்தது:
இருநூற்றி நாற்பது, கோர்ன் அடித்துக்கொண்டு.
புகை விலகியபோது
பதினொரு பேரும் ஒரு புள்ளி.
நல்லது, இனித் தனியாக மெல்லப் போகலாம்,
ஒரு பிளேன்ரீ குடிக்கலாம் என்று நினைத்த நேரம்
அந்தப் பிறைத் தழும்பு
எனக்கு முன்னால் வந்து நின்று சுழன்றது.
திரும்பிப் பார்க்கவில்லை.
இடுப்பில் இரண்டு தரம் தட்டினான்: ஒட்டு.
ஒட்டினேன்.
நன்றி சொல்ல மூச்சு இருக்கவில்லை.

ஞாயிறு, தியவன்னா ஓரம்.
ஓடும்போது பக்கத்தில் பக்கத்தில்.
தாடி வைத்த ஒருவர் சிரித்து "கால் எப்படி?" என்றார்.
யாரோ புது ஆள் என்று
மரியாதையாகச் சிரித்து வைத்தேன்.
அவர் முன்னே போனதும்தான்
பிறை தெரிந்தது.

பதினாலாவதில் என் கடிகாரம் செத்தது.
பதினைந்தாவதில் சமிலா சொன்னாள்,
கிளினிக்கை வித்துவிட்டாளாம்,
ஒக்டோபரில் பேர்த்.
சொல்லும்போது வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை.
எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாயிற்று.
ஏதாவது சொல்லவேண்டும் என்று
நான் வாயைத் திறக்க,
புல்லுக்குள்ளிருந்து ஒரு கபரகொய்யா
பாதைக்கு வந்து படுத்தது.
மூன்று மொழியிலும் அலறினோம்.
சவரிமுத்து கர்த்தரைக் கூப்பிட்டார்.
அது நாக்கை நீட்டி எங்களைப் பார்த்து
ஆறுதலாக, மிக ஆறுதலாக, தண்ணீருக்குள் போனது.
சமிலா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு மூக்கைத் துடைத்தாள்.
வேர்வைதான் என்றாள், நான் கேட்காமலே.

பதினெட்டில் நிறுத்தினோம்.
தெம்பிலி வெட்டுகிறவரிடம் மிச்சக் காசு இல்லை,
இன்னொன்று குடித்தோம்.
வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டால்
கடிகாரம் சொல்கிறது பதினாலு.
கையால் திருத்த இடமுண்டு அதில்.
திருத்தவில்லை.

திங்கள், புறக்கோட்டை.
பருப்பு மூட்டைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில்
ஒரு மொத்த வியாபாரியின் பேரேடு.
"இந்த நாலாயிரத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே?"
முதலாளி மின்விசிறியைப் பார்க்கிறார்.
"செலவழிஞ்சது உண்மை பிள்ளை. துண்டுதான் இல்லை."
வழக்கமாக இந்த இடத்தில்
சிவப்புப் பேனா எடுப்பேன்.

இறங்கும்போது
தொடை ஒவ்வொரு படிக்கும் முனகுகிறது.
நண்டு மாதிரி, பக்கவாட்டில்,
கைபிடியைப் பிடித்தபடி நான்.
மூட்டை சுமந்து ஏறுகிறவர்
சுவரோடு ஒதுங்கி வழிவிடுகிறார்:
"மெல்ல, அக்கா."