கூழும் மீசையும்

‘ஜெகதேவிக்காரன் காலை விலைக்கு வாங்குறான்’
தட்டி எழுதியது நான்தான்.
சிவப்புப் பெயின்ட் ‘வாங்கு’ வரைக்கும்தான் வந்தது.
மீதியை அடுப்புக்கரியில் முடித்தேன்.

அவர்களுக்கு ஒரு கிரானைட் முதலாளி.
மலையில் பாதியை அறுத்து விற்றாயிற்று,
மீதிப் பாதி வழக்கில் நிற்கிறது.
அந்தக் காசில் மலப்புரத்திலிருந்து இரண்டு பேர்,
பெங்களூரில் பி.பி.ஏ. படிக்கும் ஒபின்னா.
ஆட்டத்துக்கு எட்டாயிரம்,
பஸ் செலவு தனி, பிரியாணி தனி.
இதுவும் ஒரு டீமா?

எங்களுடையது காவேரிப்பட்டணம்.
ஆற்று மணலில் வெறுங்காலோடு பழகிய பையன்கள்.
மாங்கூழ் கம்பெனி ஜெர்சி மட்டும்தான் கொடுத்தது.
அப்புறம் பூட்ஸ்.
அப்புறம் வேன், டிரைவரோடு.
அப்புறம் அரக்கோணத்து கோல்கீப்பர்.
அவனுக்கு பாய்லர் பிரிவில் வேலை போட்டிருக்கிறார்கள்,
ஆகவே அவன் உள்ளூர்.
பாய்லர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று
அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அரையிறுதி. பர்கூர் பள்ளி மைதானம்.
எதிர்ப்பக்கம் திம்மராயன் ஒரு துணியை விரித்தான்:
‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’.
மைதானமே சிரித்தது.
எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்,
யாரென்று குறித்துக்கொண்டேன்.

கோபம் வந்தது, வராமல் என்ன.
ஆனால் கூழ் என்றதும் கூடவே வந்தது அக்காவின் கை.
சீசன் முழுக்க பெங்களூரா மாங்காய் சீவி
பால் பட்டு வெந்த விரலிடுக்கு.
ஜூன் மாதக் கூலி ஆகஸ்டிலும் வரவில்லை.
கோல்கீப்பருக்கு ஒன்றாம் தேதி தவறியதில்லை.

இடைவேளையில் குழாயடி. எனக்கு முன்னால் திம்மராயன்.
ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான்,
இமையெல்லாம் கல்மாவு.
தண்ணீர் பட்டதும் அது குழம்பாகிக் கன்னத்தில் இறங்கியது.
‘உனக்குச் சம்பளம் போட்டாங்களா’ என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவனும் ஏதோ கேட்க வந்தவன் போலத்தான் நின்றான்.
‘உங்க கீப்பர் குண்டு’ என்றான்.
‘உங்க மலை ஒல்லி’ என்றேன்.
விசில் ஊதிவிட்டார்கள்.

எழுபதாவது நிமிடம்
எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து
தனியாக வந்தான் ஒபின்னா,
பந்து அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடவே வந்தது.
எட்டாயிரம் குறைச்சல்தான்.
வலை அசையும் முன்பே
‘ஆஃப்சைடு’ என்று கத்தினேன்,
தொண்டை கிழிய,
நெஞ்சில் கம்பெனி பெயர் குலுங்க.

லைன்ஸ்மேன் திரும்பி என்னைப் பார்த்தார்.
அவர் கையில் கொடி
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.