நாக்குக்கு அடியில்

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.
பால்வெட்டு இல்லையென்றால் மாத்திரை இல்லை.
குலசேகரத்தில் மழை வேண்டாமென்று ஜெபிக்கிறவர்கள்
நிறையப் பேர் உண்டு.
நாள் குறித்துக் கேட்கிறவள் நான் ஒருத்தி:
வெள்ளி வரைக்கும், கர்த்தாவே,
வெள்ளி வரைக்கும் மட்டும்.
முதலாளி இந்த வருஷம்
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டவில்லை.

பெர்ஜின் முதுகில் தடி விழுந்து மூணு வருஷம்.
வலி போய்விட்டது.
வலிக்குக் கொடுத்தது போகவில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு போர்டு,
முப்பது நாளில் விடுதலை என்று.
முப்பதாயிரம் முன்பணம். செல்போனை வாங்கி வைப்பார்களாம்.
மாடிச் சன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை தொங்கியது.
அது யாரையும் கூப்பிடவில்லை.
நான் பையைத் திறக்காமலே
அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

ஜெபவீட்டில் எண்ணெய் பூசினார்கள்.
காசு கேட்கவில்லை.
காணிக்கைப் பெட்டி மட்டும்
போன வாரத்தைவிடக் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது.

நாகர்கோவிலில் ஒரு டாக்டர், என்னைவிடச் சின்னவள்.
“இதுவும் மாத்திரைதானே,
ஒண்ண விட்டு இன்னொண்ணா?” என்று கேட்டேன்.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.
“இவரு மொதல்ல ராத்திரி தூங்கட்டும்.
காலையில வேலைக்குப் போகட்டும்.
மிச்சத்தப் பொறவு பேசுவோம்.”

மெடிக்கல் பையன் சீட்டைப் படித்தான்,
பிறகு என் முகத்தைப் படித்தான்.
“இது இங்க கெடைக்காது எக்கா.”
சீட்டே இல்லாமல்
வலிமாத்திரையை அட்டை அட்டையாய் நீட்டிய
அதே கண்ணாடி மேஜை.
நாலாவது கடையில் இருந்தது.
ஒரு வாரத்துக்கு, ஒட்டுப்பால் ஆறு கிலோ.
விலை இறங்கினால் ஏழு.
பஸ்ஸுக்கு இன்னும் ஒன்று.
மற்றவர்கள் ரூபாயில் எண்ணுவதை
நான் அந்த நாற்றத்தில் எண்ணப் பழகிவிட்டேன்.

மகளிர் குழுவில் லோன் கேட்டேன்.
எதற்கு என்ற கட்டத்தில்
ஆடு என்று எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து, புதன்கிழமை காலை,
ஆட்டைப் பார்க்க வந்தாள் தலைவி அமலபுஷ்பம்.
கையில் நோட்டு, காதில் பேனா.
பெர்ஜின் அப்போதுதான்
மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்தார்.
கரைகிற வரைக்கும் விழுங்கக் கூடாது,
பேசக் கூடாது. பத்து நிமிஷம்.
வாயில் ஒரு பச்சைப் பிள்ளையை
உறங்க வைத்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

“ஆடு எங்க பிள்ளே?”
நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். வாழை நின்றது.
அடுப்பைப் பார்த்தேன்.
பிறகு வேறு வழியில்லாமல்
அவரைப் பார்த்தேன்.
அமலபுஷ்பமும் பார்த்தாள்:
மேஜைமேல் கிழிந்த அட்டை, ஓடும் கடிகாரம்,
வெட்டுக்கத்தி தீட்டிய ஈரக்கல்.
போன வருஷம் இதே மனுஷனை
இவள் வீட்டு மதிலோரம் இருந்துதான்
நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

“தீனி எடுக்குதா?”
“எடுக்குது.”
“ராத்திரி?”
“உறங்குது எக்கா.”
அவள் நின்றபடியே எழுதினாள்.
ஆடு ஒன்று. நல்ல நிலை.

முற்றத்தில் செருப்பை மாட்டும்போது
குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்,
அந்த டாக்டர் சனிக்கிழமை இருப்பாளா என்று.
இருப்பாள் என்றேன்.
யாருக்கென்று கேட்கவில்லை.
டோக்கனுக்கு ஏழு மணிக்கே போகணும் என்று மட்டும்
சொல்லிவிட்டேன்.

உள்ளே பத்து நிமிஷம் முடிந்திருந்தது.
பெர்ஜின் வாயைத் திறந்து,
மெதுவாக,
“ம்மே” என்றார்.

யாரோ சிரிக்கிற சத்தம்.
இந்த வீட்டில் யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.
பேச்சிப்பாறைப் பக்கம்
வானம் கறுத்துக்கொண்டு வந்தது.