பதினேழாம் இருக்கையில் பேனா

நாற்பத்திரண்டு பயணிகள், ஒரே பேனா.
மெண்டோசாவில் கொடுத்தேன்,
இன்னும் பதினேழாம் இருக்கையைத் தாண்டவில்லை.

சுரங்கம் முடிந்தால் சிலி.
விடிகாலை மூன்று மணி. காற்று எலும்பைத் தேடுகிறது.

"பழம், விதை, தேன், இறைச்சி ஏதும் உண்டா?"
படிக்காமலே எல்லோரும்
'இல்லை'யில் கோடு போடுகிறார்கள்.
ஒன்பதாம் இருக்கை நெலிதா மட்டும்
அபராதம் எவ்வளவு என்று கேட்டாள்.
சொன்னேன்.
மடியிலிருந்த பையை அவிழ்த்தாள்:
இருபத்தாறு பீச். சம்பந்தி வீட்டுக்காம்.

வரிசையில் நின்றபடியே தின்றோம்.
டிரைவர் இரண்டு.
வழியெல்லாம் குறட்டை விட்ட சிப்பாய் மூன்று.
அவரவர் முழங்கையில் சாறு.
இனி யாருடைய படிவம் யாருடையதோடு
ஒட்டிக்கொண்டதோ, தெரியாது.

கவுண்டர்ப் பெண்
பிசுபிசுத்த தாளை விரல்நுனியில் தூக்கி
எங்கள் வாய்களைப் பார்த்தாள்.
"கொட்டை?"
பிரம்படிக்கு நீட்டுவதுபோல்
கைகளை நீட்டினோம்.

டப்பாவில் ஒவ்வொன்றாய் விழுந்தது.
நானும் எண்ணினேன்.
இருபத்தைந்து.

முத்திரை, முத்திரை, முத்திரை.

விளக்கணைத்து வண்டி இறங்கியது,
வளைவுக்கு மேல் வளைவு.
தண்ணீர் வேண்டுமா என்றேன் நெலிதாவிடம்.
தலையை ஆட்டினாள்.
சந்தியாகோ வரும்வரை
அவள் வாயைத் திறக்கவே இல்லை.