பின் இருக்கை

பத்தொன்பது வருடம்
கிரெஸென்ட்ஸியா அம்மையாருக்குக் கார் ஓட்டினேன்,
பஸாவுக்கும் மியூனிக்குக்கும்.

"பெண்ணுக்கு வீடே முதல்" என்ற உரையைப்
பின் இருக்கையில்தான் திருத்துவார்,
காலணியைக் கழற்றிவிட்டு.
வீட்டில் கணவர் அலோயிஸ்
பால் கறந்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி,
இவருக்கு ரொட்டியும் முள்ளங்கியும் கட்டித் தந்திருப்பார்.
ஒரு நிருபர் இதைக் கிளறியபோது,
"அவர் என்னைவிடப் பழமைவாதி" என்றார்.

குழந்தைக் காப்பக மசோதாவுக்கு எதிராகக்
கை தூக்கிய இரவு
வழியெல்லாம் பேச்சில்லை.
போனில் மட்டும் ஒருமுறை:
"தூங்கிட்டாங்களா?"

நாற்பத்தோரு வாக்கில் தோற்ற மறுநாள்
முன்கதவைத் திறந்து என்னருகே அமர்ந்தார்.
"நீ எனக்கு ஓட்டே போட்டதில்லை, கோர்பினியன்."
கியர் மாற்றினேன்.
"அவர்கள் சுவரொட்டி வந்தால்
வேகம் குறைப்பாய்."

பிறகு பொட்டலத்தைப் பிரித்து
முள்ளங்கியில் பாதியை
என் பக்கம் நீட்டினார்.