முகப்பு

ஊசி நுழைந்தால் திறக்கும்.
கரண்ட் இல்லாத நேரத்திலும் ட்ரே வெளியே வர
முகப்பில் ஒரு துளை வைத்திருக்கிறான், புண்ணியவான்.
ஊக்கை நிமிர்த்தி உள்ளே அழுத்தினேன்.
நாக்கை நீட்டியது டிரைவ்.

நாலு மாதமாக இதே பாடு.
தட்டைச் சுழற்றும், முனகும், மறுபடி சுழற்றும்,
கடைசியில் தட்டைப் போடு என்று கேட்கும்,
தட்டை வாயில் வைத்துக்கொண்டே.
லென்ஸைப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தாயிற்று.
செக்காலை ரோடு கடையில் நிஜாம் கையை விரித்தான்:
"இந்த மாடலுக்கு ஸ்பேர் நின்னு ஆறு வருசமாச்சுண்ணே.
வெளியில மாட்டுற ரைட்டர் ஒண்ணு கிடக்கு.
ஓட்டை உடைச்சா உள்ள இருக்கிறது இதே அளவுதான்."
அறுநூறு ரூபாய்.
தேங்காய் வாங்குகிற மாதிரி
காதருகே ஆட்டிப் பார்த்து வாங்கினேன்.

பள்ளத்தூர் வீட்டில் எங்கள் பங்குக்கு
வளவில் ஓர் அறை, ஒரு ட்யூப் லைட்.
சிகப்பி செல்போன் டார்ச்சைப் பிடித்தாள்.
அவள் கொட்டாவி விடும்போதெல்லாம் வெளிச்சம்
உத்தரம் வரை போய்த் திரும்பியது.
நான்கு ரப்பர் காலையும் பிய்த்தால்
அடியில் நான்கு திருகு.
ஒன்று விரலிலிருந்து துள்ளி
ஆத்தங்குடிக் கல்லின் பூவுக்குள் விழுந்தது.
அந்தத் தரையில் எது மகரந்தம், எது திருகு?
விட்டுவிட்டேன்.

உள்ளே இருந்தது அதே நீளம், அதே தடிமன்.
பின்னால் செருகும் பல்வரிசையும் அதே.
பழையதற்குப் படிக்க மட்டுமே தெரியும்,
இதற்கு எழுதவும் தெரியும்.
"கோயில் ஒண்ணுதான்" என்றேன்.
"அப்பக் கூட்டிக்கலாம்" என்றாள் சிகப்பி.

முகம்தான் இடித்தது.
வந்ததற்கு உருண்டை முகம், பளபளக்கும் கறுப்பு.
மடிக்கணினியின் விலா சாய்ந்து இறங்கும் சாம்பல்.
பழையதன் முகப்பைப் பெயர்த்தேன். மூன்று கொக்கி.
புதியதில் இரண்டுக்குத்தான் இடம்.
மூன்றாவதை பிளேடால் சீவினேன்.
இடுப்புத் தகட்டையும் கழற்றி
இரண்டு பொடித் திருகோடு இதற்குப் பூட்டினேன்.

என்னைக் கூட்டியபோது வயது இருபத்திரண்டு.
காலையில் கோட்டையூரில் பல் விளக்கியவன் அரு. வைரவன்.
மத்தியானம் பள்ளத்தூரில் இலைக்கு உட்கார்ந்தவன் சித. வைரவன்.
சர்டிபிகேட், பேங்க், ரேஷன்,
இரண்டெழுத்தைப் பெயர்த்து இரண்டெழுத்தைப் பூட்ட
மூன்று வருஷம் ஆனது.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
பள்ளத்தூர் ஆத்தா முதல் நாள் கேட்டது ஒன்றுதான்:
"ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடணுமா, முழுசாவா?"

உள்ளே தள்ளினேன்.
கடைசி அரை விரற்கடையில் முரண்டு,
பிறகு ஒரு டிக்.

தட்டில் இருப்பது மதுரையில் எடுத்த ஸ்கேன்,
கோட்டையூர் ஆத்தாளின் முதுகெலும்பு.
அங்கே படிவத்தில் நோயாளிக்கு உறவு என்ற கோட்டில்
மகன் என்று எழுதினேன்.
கவுண்டர்ப் பெண் என் ஆதாரைப் பார்த்தாள்,
ஆத்தாள் ஆதாரைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
அடித்துவிட்டு எழுதினேன்: உறவினர்.

சுழன்றது. முனகவில்லை.
சாம்பல் சாம்பலாய், துண்டு துண்டாய்
ஆத்தாளுக்குள் போய்க்கொண்டே இருந்தேன்.
இருநூற்றுப் பதினாறு படம்.
எந்த எலும்பு எதை நெரிக்கிறது என்று
எனக்குப் புலப்படவில்லை.
"வயித்துப் பக்கம் காட்டுங்க" என்றாள் சிகப்பி,
"நீங்க இருந்த இடம்."
முதுகுக்கு மட்டும்தான் பணம் கட்டினோம் என்றேன்.

எல்லாவற்றையும் சென்னை டாக்டருக்கு அனுப்பியபோது
மணி ஒன்றரை.
பழைய டிரைவை வெளிக்கூட்டில் வைத்து மூடினேன்,
முகமில்லாமல், மூன்று திருகில்.
உருண்டை முகப்பு எதற்கும் பொருந்தாமல்
மேசையில் கிடக்கிறது.
புதியதன் பொத்தான் கொஞ்சம் உள்வாங்கி நிற்கிறது.
விரலுக்கு எட்டாது, நகத்தால் அழுத்தவேண்டும்.
"அந்த ஒரு விரல்ல நகம் வெட்டாதீங்க"
என்று சொல்லிவிட்டு
டார்ச்சை அணைத்தாள்.