பதினான்கு வெள்ளி

லோரி பத்து மணிக்கு என்றான்.
எட்டுக்கே மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன்,
கடைசி இரவுப் பணியின் சீருடையைக்கூடக் கழற்றாமல்.

ஜெலுத்தோங்கின் இந்தச் சந்தில்
ஈரம் ஒருநாளும் காய்ந்ததில்லை.
கடலைத் தூர்த்த பக்கத்திலிருந்து வரும் காற்றில்
கருவாட்டோடு டீசல்.
இதிலே ரோஜாவா என்று
வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
சிரிக்க வேண்டியதுதான்.
முதல் மூன்று வருடம்
இலையைத் தவிர வேறெதையும்
அது எங்களுக்குக் காட்டவில்லை.

பிரிஞ்சாங்கில் வாங்கியது.
கல்யாணமாகிப் பதினொன்றாம் நாள்.
கடைக்காரப் பெண் இருபது சொன்னாள்.
யுகேந்திரன் பேசிப் பேசிப் பதினான்குக்கு இறக்கினான்,
அந்தப் பெருமையிலேயே பஸ் ஏறினான்.
தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில்
அவன் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுக்க,
செடி என் மடியில்.
ஒரு கையால் அவன் முதுகை நீவினேன்,
இன்னொரு கையில் முள்.
எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று
பிற்பாடு தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.
பொய்.
அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாலாம் வருடம் ஒரு பூ.
மலையில் பார்த்த சிவப்பு இல்லை;
துவைத்துத் துவைத்து வெளுத்த
பள்ளிக்கூட ரிப்பன் நிறம்.
உள்ளங்கையை மூடினால் காணாமல் போய்விடும்.
அது லோஷினி பிறந்த வாரம்.
அவன் போன வாரமும் பூத்தது, இரண்டு.
செடிக்குக் கணக்குத் தெரியாது.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மாற்றல்
நானே கேட்டு வாங்கியதுதான்.
ஏன் அங்கே என்றார் மேட்ரன்.
குளிர் பிடிக்கும் என்றேன்.
குளிர் எனக்குப் பிடித்ததே இல்லை.

ஒரு முழம் தோண்டியதும் மண்வெட்டி நின்றது.
வேர் போய்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருந்தது.
பக்கத்து வீட்டுக் குழாயை,
எங்களுடையதைக்கூட இல்லை.
பெங் ஹுவாட் அங்கிள் பனியனோடு வந்து குனிந்தார்.
"ஓ, இத்தனை வருஷமும் என் பில்லில் குடிச்சிருக்கு"
என்றார் மலாயில்.
உள்ளே போய், குழாய் அறுக்கும் ரம்பத்தோடு வந்தார்.
எங்கே அறுக்க என்றார்.

இரவெல்லாம் பிரசவ அறையில்
தொப்புள்கொடி வெட்டிய கை,
இதற்கு நடுங்கியது.

"கொஞ்சம் உனக்கு, கொஞ்சம் எனக்கு"
என்று அவரே ஓர் இடம் பார்த்து அறுத்தார்.

குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் அட்டை.
கடையில் தொட்டி மண்ணில் செருகியிருந்தது போல,
அப்படியே நட்டிருக்கிறோம்.
செடியின் பெயர் அழிந்துவிட்டது.
விலை மட்டும் இருந்தது:
பன்னிரண்டு.

குழியோரம் உட்கார்ந்து சிரித்தேன்.
அங்கிள் கேட்டார், சொல்லிப் பார்த்தேன்.
தலையாட்டினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
இதற்குச் சிரிக்கக் கூடிய இன்னொரு ஆளின் எண்
கைப்பேசியில் இன்னும் இருக்கிறது.
மண் கையோடு எடுத்தேன்.
எடுத்து, நேரம் பார்த்து, வைத்துவிட்டேன்.
ஒன்பது இருபது.

லோரிக்காரன் முள்ளை ஏற்ற மாட்டானாம்,
சோபா கிழியுமாம்.
ஈரத் துண்டு, அதன்மேல் அரிசிச் சாக்கு.
மறுபடியும் என் மடிக்கே.

பாலத்தில் வண்டி ஊர்கிறது, தம்பி ஓட்டுகிறான்.
சௌராஸ்தா மார்க்கெட்டில் எடுத்த கம்பளிச் சட்டையை
லோஷினி நேற்றிலிருந்தே போட்டிருக்கிறாள்.
பழகிக்கொள்கிறாளாம்.
வேர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது.
கழற்று என்றால் கேட்பதில்லை.

"இதுக்கு அங்க குளிருமாம்மா?"

இது அந்த ஊர்ச் செடிதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பதின்மூன்று வருடம் இங்கே வெந்திருக்கிறது.
கீழே கடல்,
அதே நரைத்த பச்சை.

தெரியலை என்றேன்.
அவள் தன் சட்டையின் ஒரு கையை மட்டும் உருவி
சாக்கின் மேல் போட்டாள்.