சாகத் தெரிந்தவை

வஃப்ராவில் எங்கள் பண்ணைக்குப் பதினோரு பசுமைக்குடில்கள்.
எல்லாம் வெள்ளரி.
ஏழாவதன் கதவு உட்புறத்தில்
மார்க்கரால் நான் எழுதிய கணக்கு:

முதல் நவம்பர், இருபது லிட்டருக்கு ஒரு மூடி.
பொங்கலுக்கு ஒன்றரை.
அடுத்த வருஷம் இரண்டு, பிறகு
இரண்டோடு வேறொரு புட்டியிலிருந்து அரை.
போன மாதம் நான்கு.
அதன் கீழே மொயினுல்
வங்காள எண்களில் எதையோ கூட்டியிருக்கிறான்.
விசாக் கடனாம்.

இலையைத் திருப்பினால்
சலித்துக் கொட்டிய மாவாக வெள்ளை ஈ.
தட்டினால் எழும்பும், ஒரு சுற்று வரும்,
பஸ்ஸில் துண்டு போட்டு வைத்தவர்கள் மாதிரி
அதே இடத்தில் திரும்ப உட்காரும்.

முஹந்திஸ் ரிஃபாத்துக்கு ஒரே சொல்: ஸவ்வித்.
கூட்டு.
கம்பெனி ஆள் கொடுத்துப்போன புதுப் புட்டிக்குப்
பேர் புதுசு, படம் புதுசு.
மூடியைத் திறந்தால் பழைய நாற்றம்.

இருபது நாளுக்கு ஒரு தலைமுறை.
என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து
நான்காவதுக்குப் போவதற்குள்
இவற்றுக்கு ஐம்பது தலைமுறை கழிந்தது.
என் மருந்தில் செத்தவற்றுக்குப் பிள்ளை இல்லை.
சாகாதவற்றின் பிள்ளைகள்தாம்
இந்த மாவு.
கொன்றேன் என்று நினைத்திருந்தேன்.
பொறுக்கியிருக்கிறேன்.
விதைநெல் பொறுக்குகிற மாதிரி
திடமானதாய்ப் பார்த்துப் பார்த்து,
மூன்று வருஷம், ஓவர்டைம் போட்டு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கஃபிலின் ஆடுகளுக்கு ஜத்துப் புல்.
அங்கே மட்டும் மருந்தடிக்கக் கூடாது.
ஆடு ஒன்று செத்தால்
என் சம்பளத்தை மேய்ந்துவிடுவார்.
அதிலும் வெள்ளை ஈ உண்டு.
அதே நிறம், அதே அளவு.

ஒரு வெள்ளிக்கிழமை
இரண்டு டாங் புட்டிகளைக் கழுவினேன்.
ஒரு மூடிக் கலவையில் நனைத்துக் காயவைத்த இலை,
ஆளுக்கொன்று.
ஜூஸ் குழாயின் நுனியில் வலைத்துணி கட்டி
ஈக்களை உறிஞ்சி உறிஞ்சிப் போட்டேன்,
புல்லிலிருந்து ஐம்பது, ஏழாவதிலிருந்து ஐம்பது.
சனிக்கிழமை காலையில்
புல்லின் புட்டிக்கு அடியில் வெள்ளைத் தூள்.
ஏழாவதின் புட்டியில்
கண்ணாடி முழுக்க நடமாட்டம்.
மூன்றோ நான்கோ செத்திருந்தன.
அவையும் மூடியில் நசுங்கியவையாக இருக்கலாம்.

உயிரோடிருந்த புட்டியை மொயினுல் பார்த்தான்.
நான் மற்றதை.
இன்னும் சாகத் தெரிந்தவை
ஆட்டுத் தீனியில் மிச்சமிருக்கின்றன.

ரிஃபாத்திடம் கொண்டுபோய் வைத்தேன்.
முட்டாள் இல்லை அவர்.
இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
“படித்திருக்கிறேன்” என்றார்.
“ஈ வளர்க்கச் சொல்லிக்
கஃபிலிடம் யார் கேட்பது, நீயா?”
பிறகு, டீ குடிக்கும்போது சொன்னார்:
ஆடுகளை விற்றாயிற்று,
நோன்புக்குப் பிறகு புல்லை உழுது
பன்னிரண்டாவது குடில்.

அன்றிரவே ஏழாவதின் பக்கவாட்டு வலையில்
ஒரு முழம் தையலைப் பிரித்தேன்.
உள்ளே போகட்டும்.
சாகத் தெரியாதவற்றோடு கூடட்டும்.
பிறப்பதில் பாதியாவது
ஒரு மூடிக்கு அடங்கட்டும்.

பதினெட்டு நாளாக டேங்கில் வெறும் தண்ணீர்.
முகமூடி, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு
வரிசை வரிசையாகத் தண்ணீர் அடிக்கிறேன்.
கதவில் ‘நான்கு’ என்றே எழுதுகிறேன்.
மூன்றாம் வரிசையில் இலை மஞ்சளாகிறது.
ஈயோடு நோயும் வந்திருக்கலாம்,
இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம்.
மொயினுலுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை.
நேற்று அந்தக் கிழிசலுக்கு முன்னால்
காலிப் பெட்டிகளை அவனே அடுக்கி மறைத்திருக்கிறான்,
காற்றுக்கு நாலு விரல் இடைவெளி விட்டு.

டாங் புட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
இன்னும் இரண்டு நாள்.